கடைசி வரியில் பஸ்

டாக்ஸிக்காரன் சொன்ன தொகையைக் கேட்டு ஓன் தின்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏரியப் பாக்கத்தான் தம்பி கேட்டோம். வெலைக்கு வாங்க இல்ல."

"ஏறினா ஏறுங்க, இல்லன்னா நகருங்கக்கா. பின்னால ஹாரன் அடிக்கிறான்."

அவள் நகர்ந்தாள். வண்டி போகும்போது தேங்கியிருந்த மழைத்தண்ணீரை அவள் லுங்கி மீது வாரி இறைத்துவிட்டுப் போனது. பின்னால் அவள் கணவர் போ ஸான் துணிப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி தூறலில் நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. இல்லாததற்கு அவரேதான் காரணம். போன மழைக்காலத்தில் ஆபீஸ் கணக்கை ஒப்படைக்க பதெய்ன் போனவர் திரும்பும்போது படகிலேயே குடையை விட்டுவிட்டார். ஒடிந்த கம்பியை, தன் பழைய லுங்கியின் ஓரத்தைப் பிரித்து எடுத்த பச்சை நூலால் ஓன் தின் இழுத்துக் கட்டி, இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்று கொடுத்த குடை அது. புதுக் குடை கிடையாது என்று அன்றைக்குச் சொன்னவள் சொன்ன சொல்லில் நின்றாள். அவரும் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே ஆபீஸ் போய் வந்தார்.

கேட்கமாட்டார். வார்த்தைக்கும் விலை உண்டு என்று நினைக்கிற மனிதர். கல்யாணமான புதிதில் ஓன் தின் அதைச் சிக்கனம் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள். மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகுதான் அந்த மௌனம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும் சத்தம்தான் அவர்கள் பேச்சு.

அதனால்தான் போன வாரம் அவராகவே வாயைத் திறந்து, "யாங்கோன் போலாமா?" என்று கேட்டபோது அவள் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். ரிடையர் ஆன மனிதருக்கு ஊர் சுற்றும் ஆசை வந்திருக்கிறது. சாயங்காலம் ஷ்வேடகோன் பகோடா படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஏதாவது பேசுவார். எதையாவது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மற்ற செலவையெல்லாம் குறைத்துவிடலாம்.

குறைத்துக்கொண்டுதான் வந்தாள். தங்கியது யாத்ரீகர்களுக்காக மடத்தில் விட்டிருந்த கூடத்தில். காலையில் டீக்கடையில் ஒரே ஒரு டீ. மற்றபடி மேஜையில் ஃப்ளாஸ்க்கில் இலவசமாக வைத்திருக்கும் வெறும் தேநீர்தான், குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொள்ளலாம். இப்போது ஏரிக்குப் போக வழி வேண்டும்.

"வாங்க, டீக்கடைக்கே போவோம்" என்றாள் ஓன் தின்.

"மறுபடியுமா? அந்தப் பையன் மொறைச்சான்."

"மொறைக்கட்டும். எனக்குக் கடைப் பேப்பர் வேணும். மா ஸோ சொல்லிக் குடுத்த வழி ஒண்ணு இருக்கு."

மா ஸோ பக்கத்து வீட்டுக்காரி. யாங்கோனை ஓசியில் சுற்றிப் பார்த்தே தீர்த்தவள். அவள் வழி எளிமையானது. பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கத்தை எடுக்க வேண்டும். துக்கத்துக்கு வருகிறவர்களை மயானத்துக்குக் கூட்டிப்போக வீட்டு வாசலிலிருந்து பஸ் விடுவார்கள். மயானமோ ஊருக்கு வடக்கே யேவேயில். போகிற வழியெல்லாம் பெரிய சாலை, பல்கலைக்கழகம், ஏரி, மாளிகைகள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும். ஏறும்போது கையில் ஒரு விசிறியும் கொடுப்பார்கள்.

மரண அறிவிப்பை ஓன் தின் கீழிருந்துதான் படித்தாள். கடைசி வரியில்தான் பஸ் இருக்கும். செத்தது யார், எந்த ஊர், என்ன வயது என்பதெல்லாம் மேலே கிடந்தது. அது அவளுக்கு எதற்கு?

"இதப் பாருங்க. யாரோ பெரிய எடம். பத்து பஸ். கூட்டத்தோட கூட்டமா ஏறிக்கலாம்."

போ ஸான் பேப்பரை மேலிருந்து படித்தார். அவர் எதையும் அப்படித்தான், முதல் எழுத்திலிருந்து. பிறகு ஒரு சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது."

"இதுல ஒரே பஸ்தான் போட்டிருக்கு."

"கூட்டம் இருக்காது. ஒனக்கு ஜன்னல் சீட் கிடைக்கும்."

ஓன் தின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை. மனிதர் கற்றுக்கொண்டுவிட்டார்.

வீடு ஸான்ச்சௌங்கில் ஒரு சந்துக்குள் இருந்தது. பழைய மரவீடு. வாசல் நிலையில் ஓன் தின் நங்கென்று தலையை இடித்துக்கொண்டாள். போ ஸான் நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார். நரைத்த கொண்டையும் அழுது வீங்கிய முகமுமாக ஒரு பெண்மணி எழுந்து வந்தாள். செத்தவளின் அக்கா, த்வே மே. போ ஸானைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது.

யாரென்று கேட்கப் போகிறாள். ஓன் தின் முந்திக்கொண்டாள்.

"இவரு ஊ டூன். நான் அவரு சம்சாரம், மா மீ. பேப்பர்ல பார்த்தோம். மனசு கேக்கல, ஓடி வந்துட்டோம்."

த்வே மே அவரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். திருட்டு ரயில் ஏறியவளைப் பரிசோதகர் பார்ப்பது போல இருந்தது ஓன் தின்னுக்கு.

"ஊ டூன்" என்றாள் த்வே மே மெதுவாக. "எந்த ஊருல பழக்கம்?"

ஓன் தின் ஊரை யோசித்து வைக்கவில்லை.

"வாக்கேமா" என்றார் போ ஸான்.

த்வே மே கண்களைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. யின் மே பொறந்த ஊர்தான். வாங்க, உக்காருங்க."

ஓன் தின்னுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. மேல்வரியைப் படித்து வைத்திருக்கிறார்! அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஊர். பொய் சொல்வதற்குத் தெரிந்த ஊர் நல்லது, தெருப்பெயரில் மாட்டிக்கொள்ள மாட்டோம்.

உடல் மருத்துவமனையிலிருந்து நேரே மயானத்துக்குப் போய்விட்டதாம். பஸ் கிளம்பியபோதுதான் ஓன் தின்னுக்கு முதல் சறுக்கல் புரிந்தது. கூட்டம் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை. பத்துப் பேர்கூடத் தேறவில்லை. கூட்டம் இல்லாத பஸ்ஸில் ஒளிந்துகொள்ள முடியாது. "வாக்கேமாவுல இருந்து வந்தவங்க" என்று இருவரையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் சீட்தான். ஆனால் டிரைவர் பெரிய மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து, சரிந்துவிடாமல் இருக்க அவள் ஜன்னலிலேயே சாய்த்து வைத்தான்.

"தம்பி, இத வேற எடத்துல வைக்கக் கூடாதா?"

"பூவு நசுங்கிரும்கா. நீங்க கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பல்கலைக்கழகம் போனது. சாமந்திப் பூ. மாளிகைகள் போயின. சாமந்திப் பூ. சம்பங்கி வாடையில் அவளுக்கு மூச்சு முட்டியது.

பக்கத்தில் பேச்சு ஆரம்பித்திருந்தது. த்வே மேதான் கேட்டாள், "சின்ன வயசுல அவ எப்படி இருந்தான்னு இவங்களுக்குச் சொல்லுங்க தம்பி. இங்க உள்ளவங்களுக்கு அவள நோயாளியாத்தான் தெரியும்."

ஓன் தின் அவர் தொடையில் கிள்ளினாள். தலையை ஆட்டி விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டவில்லை.

"சைக்கிள்ல பிரேக் இருக்காது அவளுக்கு" என்றார். "செருப்புக் காலால டயர அமுக்கித்தான் நிறுத்துவா. மாசத்துக்கு ஒரு செருப்பு தேயும். இடது கால் மட்டும்."

பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். த்வே மே தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சோத்துப் பானை அடியில தீஞ்சு ஒட்டியிருக்குமே, அதுக்கு அடிச்சுக்குவா. வெள்ளைச் சோறு ஒடம்புக்கு ஆகாதும்பா. ஆத்துல எறங்கப் பயம். படகுல ஏறினா கண்ண மூடிக்கிட்டு, கரை வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

"அய்யோ, ஆமா" என்று விம்மினாள் த்வே மே. "அப்படியேதான்!"

ஓன் தின் அசந்துபோனாள். இத்தனை வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதே இல்லை. மகன் பிறந்த அன்றுகூட "பையனா? சரி" என்றவர். பொய் என்று வந்ததும் வாய்க்கால் திறந்துவிட்டாற் போல வருகிறதே! ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. பொய்யை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னால் எங்காவது ஓர் இழை தட்டும்.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்க" என்று காதருகே சொன்னாள்.

அவருக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை.

மலர்வளையத்தின் ஓட்டை வழியே ஏதோ மினுங்கியது. ஏரி! இறங்கிவிட வேண்டும். பார்த்த மாதிரியும் ஆச்சு, தப்பித்த மாதிரியும் ஆச்சு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு பஸ்னா வாந்தி வரும். இங்கயே எறங்கிக்கிறோம்."

பஸ் நிற்கவில்லை. அதற்குப் பதில், பஸ்ஸே எழுந்து வந்தது. ஒருத்தி தைலம் எடுத்தாள், ஒருத்தி எலுமிச்சம்பழம் நீட்டினாள், மற்றவர்கள் யின் மேயின் பெயர் அச்சடித்த விசிறிகளால் அவரைச் சுற்றி நின்று விசிறினார்கள். ஏரி இருந்த பக்கம் இப்போது முழுக்க முதுகுகள்.

"எறங்கவா? நீங்க எறங்கிட்டா யாரு இருக்கா?" என்றாள் த்வே மே. "எங்க வீட்டுல ஆம்பளை இல்ல. படத்தத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்கவே ஆள் இல்லாம, டிரைவரக் கேக்கலாமான்னு இருந்தேன்."

"அய்யோ, நாங்க அவ்வளவு நெருங்கின பழக்கம் இல்லக்கா. சும்மா தெரிஞ்சவங்க."

"எந்தக் கால் செருப்பு தேயும்னு தெரிஞ்சவங்க" என்றாள் த்வே மே.

ஆக, மயானத்தில் போ ஸான்தான் படத்தைத் தூக்கினார்.

கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்குகிறவர் போல, ஒரு பக்கமும் சாயாமல், நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். ஓன் தின் பின்னால் நடந்தாள். படத்தில் இருந்தவள் அழகியில்லை. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, கேமராவைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படகுக் கூலி வைக்கும் சமயம் வந்தது. போகிற வழியில் ஆறு வந்தால் ஓடக்காரனுக்குக் கொடுக்கச் செத்தவள் வாயில் ஒரு காசு. த்வே மே மடியில் தேடினாள். அதற்குள் போ ஸான் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். பழைய காசு. இப்போது எந்தக் கடையிலும் செல்லாதது. துணியில் முடிந்து வைத்திருந்தார்.

ஓன் தின்னுக்கு எரிச்சலாக வந்தது. ஓசியில் ஏரி பார்க்க வந்த இடத்தில் நம் காசா செலவாக வேண்டும்? செல்லாத காசுதான், இருந்தாலும் நம் காசு. செத்தவளும் டிக்கெட் எடுத்துத்தான் போகிறாள், நாம்தான் எடுக்கவில்லை என்று தோன்றியதும் எரிச்சல் கொஞ்சம் வெட்கமாக மாறியது.

பிட்சு ஓதினார். புண்ணியத்தைப் பகிர்ந்துகொள்ளும் தண்ணீரைப் போ ஸான் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். பாதித் தண்ணீர் கிண்ணத்துக்கு வெளியே போனது. இதற்கு மேல் தாங்காது. யாராவது, "நீங்க யாரு, உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டால் சிந்திய அந்தத் தண்ணீரே காட்டிக் கொடுத்துவிடும். ஓன் தின் கடைசி வழியை எடுத்தாள். பெருங்குரலில் அழுதால், பாவம், தாங்கமாட்டாள் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். கூடவே கணவரையும் அனுப்புவார்கள்.

அழுதாள். முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது.

பிறகு அவர் தோளைப் பார்த்தாள். படத்தை அணைத்திருந்த கையைப் பார்த்தாள். நான் செத்தால் இவர் என் படத்தை இப்படிப் பிடிப்பாரா? எனக்கு ஒரு பஸ் போதும் என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டாம், நடந்தே வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். பஸ் விட்டாலும் அதில் என்ன சொல்வார்? நான் எந்தக் காலால் சைக்கிளை நிறுத்துவேன்? எனக்குச் சைக்கிளே கிடையாது. வாங்கித் தரவா என்று அவர் ஒரு முறை கேட்டதற்கு, கால் எதற்கு இருக்கிறது என்று சொன்னது நான்தான். என்னைப் பற்றிச் சொல்ல இவரிடம் ஒரு பொய்கூட இருக்காதே!

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. முன்பின் தெரியாதவளின் சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை. கூடியிருந்த பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். த்வே மே வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒன்ன மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றாள். "யாருக்கும் வராதும்மா."

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சீயக்காய்த் தண்ணீரில் முகம் கழுவச் சொன்னார்கள். கழுவியதும் கிளம்பிவிடலாம் என்று பார்த்தால் ஊறுதேயிலையும் வறுத்த கடலையும் வந்தன. சந்து முனையில், வீட்டுக் கூரைகளுக்கு மேல், ஷ்வேடகோனின் பொன் உச்சி விளக்கேற்றி நின்றது. இன்னும் நேரமிருக்கிறது. வேகமாக நடந்தால் படியில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

கிளம்புகிற சமயத்தில் த்வே மே அவளை மட்டும் தனியே கூப்பிட்டாள். ஓன் தின் வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். தெரிந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அங்க அழுதியே. அது நெஜமா?"

ஓன் தின் மூச்சு விட்டாள். அன்று முழுவதும் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் உண்மையான பதில் இருந்தது இதற்கு மட்டும்தான்.

"நெஜந்தான்கா."

"அது போதும்" என்று த்வே மே அவள் கையை அழுத்தினாள். "ஏழாம் நாளு மீன் குழம்பு ஊத்தி மொஹிங்கா போடுவோம். ரெண்டு பேரும் வரணும்."

ஓசி மொஹிங்கா. வேறு நாளாக இருந்தால் ஓன் தின் அப்போதே நாளை எண்ணியிருப்பாள்.

சந்தில் தூறல் போட்டது. அவர் முன்னால் நடந்தார். அவள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்ட நிம்மதியில் சிரிப்பு வந்தது. வாடகைக்கு வாங்கிய அந்தத் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"நல்லவேளை, பேர மாத்திச் சொன்னேன். நாளைக்கு நம்மூரு மௌபினுக்கே தேடிக்கிட்டு வந்தா என்ன செய்வோம்? ஆனா நீங்க! பெரிய ஆளுங்க நீங்க. அந்தச் செருப்பு, அந்தத் தீஞ்ச சோறு, எங்கேர்ந்து புடிச்சீங்க? நானே நம்பிட்டேன்."

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"ஏங்க, பகோடாப் படியில போய் உக்காருவோம். அங்க என்னப் பத்தி அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் சரி. ஒண்ணே ஒண்ணு."

போ ஸான் நின்றார். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பொய் சொல்ல வராது, ஓன் தின்."

"வராதாம்! நாளெல்லாம் என்ன செஞ்சீங்களாம்?"

அப்போது பின்னால் சளக் சளக்கென்று தண்ணீரை மிதித்து யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுச் சமையல்காரி. மயானத்துக்கு வராமல், வெந்நீர் போட வீட்டுப் பின்கட்டிலேயே இருந்துவிட்டவள். பகல் முழுவதும் அவளை யாரும் பார்க்கவில்லை, இவர்கள் கிளம்பும்வரை அவளும் யாரையும் பார்க்கவில்லை. கையில் ஒரு கறுப்புக் குடையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"நம்ம குடை இல்லம்மா அது" என்று சொல்ல ஓன் தின் வாயெடுத்தாள். நாங்கள் குடையே கொண்டுவரவில்லை என்று சொல்ல வேண்டும். சந்து விளக்கு வெளிச்சத்தில் குடை கிட்டே வந்தது. ஒடிந்த கம்பி ஒன்றை யாரோ பச்சை நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

சமையல்காரி மூச்சிரைக்க அதை நீட்டினாள்.

"போ ஸான் தம்பி! இந்தத் தடவையும் குடைய விட்டுட்டுப் போறியே!"